மீதி இருபத்தாறு விநாடி

தாழங்குளம் நகராட்சி மன்றம் எதையாவது நினைவுகூராமலும் எதையாவது தடைசெய்யாமலும் கலைந்ததாகச் சரித்திரம் இல்லை. மாதம் ஒருமுறை கூடும் அந்தக் கூட்டத்தில் முதலில் செத்தவர்களுக்கு இரங்கல், அடுத்து இருப்பவர்களுக்குப் பாராட்டு, அதற்கும் அடுத்துத் தெருவில் கட்டிய மாட்டுக்கும் சாக்கடையில் போட்ட இளநீர் மட்டைக்கும் துணை விதி என்று எல்லாம் வரிசைப்படி நடக்கும். மணிக்கூண்டுக்கு ஒரு நாள், பெருவெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகாமல் நின்ற தபால்பெட்டிக்கு ஒரு நாள், சர்க்கஸ் கூடாரத்திலிருந்து கிளம்பி ஊருக்குள் சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன ஒட்டகத்துக்கு ஒரு நாள் என்று அறிவித்து அறிவித்து, காலண்டரில் இடம் போதாமல், இப்போது ஒரே தேதியில் மூன்று நாட்கள் ஒண்டுக்குடித்தனம் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் இதையெல்லாம் கேலி பேசுவார்கள். ஆனால் ஒட்டக நாளன்று பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுமுறை விடவில்லை என்றால் அவர்களேதான் நகராட்சி வாசலில் வந்து நிற்பார்கள்.

அந்த மன்றத்தில் துக்கத்தை முடித்துவைப்பது அஞ்சுகத்தின் வேலை. அலுவலக உதவியாளராக அவள் சேர்ந்து பத்தொன்பது வருடமாகிறது. தலைவர் இரங்கல் தீர்மானத்தை வாசித்ததும் எல்லோரும் இரண்டு நிமிடம் எழுந்து நிற்பார்கள். அஞ்சுகம் சுவரோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, இரண்டு நிமிடம் ஆனதும் கையிலுள்ள பித்தளை மணியை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அடிப்பாள். மந்திரிகளுக்கு அடித்திருக்கிறாள், முன்னாள் தலைவர்களுக்கு அடித்திருக்கிறாள், சினிமா நடிகர்களுக்கு அடித்திருக்கிறாள், பெயரை யாராலும் சரியாக உச்சரிக்க முடியாத ஒரு வெளிநாட்டுத் தலைவருக்கும் அடித்திருக்கிறாள். அவள் அடிக்கும்வரை துக்கம் நிற்கும், அடித்ததும் துக்கம் உட்காரும். பிறகு பொருள் எண் ஒன்று.

அவள் புருஷன் வைரக்கண்ணுவும் அதே நகராட்சிதான், ஆனால் அவருக்கு மேசையும் கிடையாது, மின்விசிறியும் கிடையாது. ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு விடியுமுன் கிளம்பி, ஊரின் ஏழு வால்வுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடும் தண்ணீர்க்காரர் அவர். ஏழாவது வால்வு மேட்டுத் தெருவின் அடிவாரத்தில் இருந்தது. மேட்டுத் தெருவுக்கு மேலே குழாய் கிடையாது. அறுபது வீட்டுப் பெண்களும் குடத்தோடு கீழே இறங்கி வந்து, அடிவாரத்துக் குழாயில் பிடித்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக மேட்டில் ஏற வேண்டும். வைரக்கண்ணு எல்லா வால்வையும் நேரத்துக்குத் திறந்து நேரத்துக்கு அடைப்பார், ஏழாவதை மட்டும் பத்து நிமிடம் தாமதமாக அடைப்பார். மேலே ஒரு குழாய் போடுங்கள் என்று கவுன்சிலர்களைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, அவரைக் கண்டாலே கவுன்சிலர்கள் வேறு தெருவில் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள்.

வைரக்கண்ணு சாவதற்கு முந்தைய இரண்டு நாளும் அஞ்சுகம் அவரோடு பேசவில்லை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அவள் தங்கச்சி மகளுக்கு அரியலூரில் வளைகாப்பு. வருகிறேன் என்று சொன்ன மனுஷன், மோட்டார் கருகிப் போச்சு என்று நீரேற்று நிலையத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் தனியாகச் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு போய், உன் வீட்டுக்காரர் வரலியா என்று கேட்ட முப்பது பேருக்கும் முப்பது விதமாகப் பதில் சொல்லிவிட்டு, வந்து வாயை மூடிக்கொண்டாள். அவர் கதம்பம் வாங்கிவந்து ஆணியில் மாட்டிப் பார்த்தார், அவள் எடுக்கவில்லை. இருக்கிற ஜோக்கெல்லாம் சொல்லிப் பார்த்தார், அவள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் விடியலில் வாசலில் நின்று, "வரேன்" என்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஐந்தே முக்கால் மணிக்கு ஏழாவது வால்வைத் திறந்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடைக்க ஆளில்லாமல் அன்று சாயந்திரம் வரை மேட்டுத் தெரு அடிவாரத்தில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

தண்ணீர்க்காரருக்கு இரங்கல் தீர்மானம் போடும் வழக்கம் தாழங்குளத்தில் இல்லை. ஒட்டகத்துக்கு நாள் கொண்டாடுகிற மன்றத்துக்கு இதில் என்ன யோசனை என்று மேட்டுத் தெரு கவுன்சிலர் யாகப்பன் சண்டை போட்டுத்தான் அதைக் கொண்டுவந்தார். தலைவர் திலகராணி நல்ல குரலில் வாசித்தார், கட்சி வேறுபாடு விட்டு இருபத்தெட்டு கவுன்சிலர்களும் எழுந்து நின்றார்கள், அன்று மின்சாரம் இல்லாததால் மின்விசிறிகூட ஓடாமல் மன்றமே உண்மையாக மௌனமாக இருந்தது. வந்து இரண்டு வாரம்தான் ஆன ஆணையரில் தொடங்கி வாசல் காவலாளி வரை ஒருவருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை. சுவரோரம் மணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது செத்தவருடைய பெண்டாட்டி என்பதும், அந்த ஒருநாளாவது மணியை வேறு யார் கையிலாவது கொடுத்திருக்கலாம் என்பதும் கடைசிவரை யாருக்கும் தோன்றவேயில்லை.

அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு நிமிடம் முடியுமுன்பே மின்சாரம் வந்து மின்விசிறிகள் தடதடவென்று சுற்ற, சத்தம் கேட்டதும் மௌனம் முடிந்ததென்று நினைத்து எல்லோரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள், தலைவர் பொருள் எண் ஒன்றை எடுத்துவிட்டார். மணி அடிக்கப்படவில்லை. அந்த நாளின் நல்ல மனநிலையில் மன்றம் மேட்டுத் தெருவுக்குக் குழாய் போடும் தீர்மானத்தையும் ஏகமனதாக நிறைவேற்றிவிட்டுத்தான் கலைந்தது.

ஆனால் மௌனம் உட்காரவில்லை. போய் வா என்று யாரும் சொல்லாத விருந்தாளி மாதிரி அது ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தது. டீ கொண்டுவந்தவர் கை தவறி அங்கே ஒரு டம்ளரைப் போட்டார். டம்ளர் உருண்டது, சத்தம் வரவில்லை. எல்லோரும் அந்த இடத்துக்குப் போய்க் கை தட்டிப் பார்த்தார்கள். ஒரு கிணற்றின் வாய் அளவுக்கு வட்டமாக, உள்ளே ஒரு சத்தமும் இல்லாமல், சற்றே குளிர்ச்சியாக இருந்தது. அன்று மாலை அலுவலகத்தைப் பூட்டும்போது அது படியிறங்கி நேரு வீதிப் பக்கம் போனதைக் காவலாளி பார்த்தார். போனது என்றால், வேப்பமரத்துக் காக்கைகள் வரிசையாக ஒவ்வொன்றும் வாயைத் திறந்து, சத்தம் வராமல், மறுபடியும் மூடிக்கொண்டதை வைத்துத்தான் சொன்னார்.

தாழங்குளத்து ஜனங்கள் எதற்கும் மூன்று நாள் ஆச்சரியப்படுவார்கள், நாலாம் நாள் அதில் துணி காயப்போடுவார்கள். முதலில் குழந்தை வாய் திறந்து அழுது சத்தம் வரவில்லை என்று ஒருத்தி அலறினாள், அவள் அலறியதும் கேட்கவில்லை; ஒரு வாரம் போனபின் பிள்ளைத் தாய்மார்கள் தொட்டிலோடு மௌனத்தைத் தேடிவந்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து படித்தார்கள். ஒரு பொதுச்சுவருக்காகப் பதினோரு வருடம் கோர்ட்டுக்கு நடந்த அண்ணன் தம்பி இருவர் அதற்குள் எதிரெதிரே நின்று அரைமணி நேரம் வாய் கிழியக் கத்தித் தீர்த்துவிட்டு, ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்காத காரணத்தால், வெளியே வந்து சேர்ந்து காபி குடித்தார்கள். கடைத்தெருவில் தையற்காரர் அந்தோணிராஜுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதற்குள் போனால் ஊரில் எல்லோரும் ஊமையாக நிற்க அவர் ஒருவர்தான் விரலால் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தார். நாற்பது வருடமாக அவரிடம் அளவு மட்டும் கொடுத்துவந்த ஊர், அப்போதுதான் அவரிடம் பேச்சுக் கற்றுக்கொண்டது, அவர் எவ்வளவு நையாண்டிக்காரர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மன்றம் சும்மா இருக்குமா? மௌனம் போகும் வழியில் வண்டி நிறுத்தக் கூடாது என்று ஒரு துணை விதி. மௌனத்தைக் கல்யாண மண்டபத்துக்கோ கடைத் திறப்புக்கோ ஆசை காட்டி அழைத்துப்போகக் கூடாது என்று ஒரு துணை விதி. மௌனத்துக்குள் கொடுத்த வாக்குக்கும் மௌனத்துக்குள் திட்டிய திட்டுக்கும் சாட்சி செல்லாது என்று ஒன்று, நாய்களை உள்ளே விட்டுப் பயமுறுத்தக் கூடாது என்று ஒன்று, மௌனத்திலிருந்து முப்பது அடிக்குள் ஒலிபெருக்கி கட்டக் கூடாது என்று ஒன்று. உள்ளேதான் ஒலிபெருக்கி ஊமையாகிவிடுகிறதே, பிறகு எதற்கு விதி என்று யாகப்பன் கேட்டதற்கு, "விதின்னு ஒண்ணு இருந்தாத்தானய்யா மீறினதா எழுத முடியும்" என்றார் தலைவர். ஆடி மாதம் இரண்டாம் வெள்ளியை மௌன நாள் என்றும் அறிவித்தார்கள். அது ஏற்கெனவே தபால்பெட்டி நாள்.

மௌனம் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதை முதலில் கவனித்தவள் அஞ்சுகம். செத்த வீட்டிலும் பழக்கம் சாகாதே, நாலரை மணிக்கு அவளுக்கு விழிப்பு வந்துவிடும். அப்படி விழித்த ஒரு விடியலில் வாசலுக்கு வந்தபோது, முதல் வால்வு இருக்கும் முனையில் புதிதாக வந்த தற்காலிக ஆள் குனிந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்; தண்ணீர் பாயும் சத்தம் கேட்காமல் கையை வைத்து வைத்துப் பார்த்தார். அவர் போனபின்னும் குளிர்ச்சி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு நகர்ந்தது. பள்ளிவாசல் தெரு வழியாகப் போனால் இரண்டாவது வால்வு பக்கம், ஆனால் அது பக்கத்து வழியில் போகவில்லை. மீன் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போய், டீக்கடை முன்னால் ஒரு டீ குடிக்கும் நேரம் நின்றது. டீக்கடைக்காரர் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போட்டு பெஞ்சின் நுனியில் வைத்தார், ஆறியதும் தானே எடுத்துக் குடித்தார். அஞ்சுகம் தெருவின் இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்தாள். பத்து வருடமாக, நான் வெளியில டீயே குடிக்கிறதில்ல, சர்க்கரை வியாதிக்காரன் குடிப்பானா என்று அவளிடம் சாதித்த மனுஷன் அவர்.

ஏழாவது வால்வில் அவள் அதற்குள் நுழைந்தாள். குடங்களோடு நின்ற மேட்டுத் தெருப் பெண்கள் விலகி இடம் கொடுத்தார்கள். "என்னங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை, வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. கேட்காத இடத்தில் சொல்வதற்கு என்ன வெட்கம் என்று, இரண்டு நாள் அடைத்துவைத்ததை எல்லாம் திறந்துவிட்டாள். வளைகாப்பில் யார் யார் என்ன கேட்டார்கள், அவள் என்ன சொன்னாள், அந்தக் கதம்பத்தை ஏன் எடுக்கவில்லை, எடுக்கலாமென்று இரண்டு தடவை ஆணிப்பக்கம் போய்விட்டு ஏன் திரும்பினாள், வரேன் என்று சொன்னபோது தூங்கவில்லை, தூங்குகிற மாதிரி இருந்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். அழுதாள், அதுவும் கேட்கவில்லை. மறுநாளும் வந்து சொன்னாள்.

இப்படி ஆறு மாதம். விடியலில் ஏழாவது வால்வில் அரைமணி நேரம் அஞ்சுகம் மௌனத்துக்குள் நின்று பேசுவாள். பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பிடிப்பார்கள். பிறகு அவள் வீட்டுக்குப் போய் உலை வைத்து, குளித்து, ஒன்பதரைக்கு அலுவலகம் வந்து, மணியை விபூதி போட்டுத் துடைத்து வைப்பாள். ஓசூரிலிருந்து மகள், தனியாக ஏன் இருக்கிறாய், இங்கே வந்துவிடு என்று போனில் கூப்பிட்டாள். "தனியா எங்க இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் தெம்பாகக்கூட இருந்தாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவர் குறுக்கே பேசாமல் அவள் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடித்தது இந்த ஆறு மாதத்தில்தான்.

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தாழங்குளம் மன்றத்தின் கூட்டக் குறிப்புகளைப் படித்த யாரோ ஒரு நல்லவர் கேட்டிருந்தார்: இரங்கல் மௌனம் முறைப்படி முடிக்கப்பட்டதற்கான பதிவு இல்லையே, முதல் பொருளே முடியாதபோது அதற்குப் பின்னால் மன்றம் எப்படி வேறு பொருளை எடுத்தது? ஆகவே மௌனம் முடியும்வரை மன்றம் இன்னும் நின்றுகொண்டிருப்பதாகவே கருதப்படும். அன்று தொட்டு இயற்றிய நாற்பத்தொரு தீர்மானங்களும் செல்லாது. மௌனத்தைப் பற்றிய துணை விதிகளும் அதில் போயின, மௌன நாளும் போயிற்று. அதையெல்லாம் ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். மேட்டுத் தெருக் குழாயும் அதில் போயிற்று; பள்ளம் தோண்டக் குறித்த இடத்தில் போட்ட சுண்ணாம்புக் கோட்டின் மேல் புல் முளைக்க ஆரம்பித்தது.

ஆணையர் கெட்டிக்காரர். துணைமின் நிலையத்தின் பதிவேட்டை வரவழைத்து, அன்று மின்சாரம் வந்த நேரத்தைப் பார்த்து, மௌனம் ஒரு நிமிடம் முப்பத்துநாலு விநாடி நடந்திருக்கிறது, மீதி இருபத்தாறு விநாடி பாக்கி என்று கண்டுபிடித்தார். இவ்வளவுதானா என்று தலைவர் திலகராணி தானே மணியை எடுத்துக்கொண்டு மௌனம் நின்ற மார்க்கெட்டுக்குப் போய் அடித்தார். மௌனம் அசையவில்லை. ஆணையர் அடித்தார், அவர் கையில் மணி அடித்த சத்தம் அதற்கு வெளியே நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு மணி யார் பொறுப்பில் இருந்ததோ அவர்தான் முடிக்க வேண்டும் என்று நடைமுறைப் புத்தகத்திலும் இருந்தது, மௌனத்துக்கும் அது தெரிந்திருந்தது.

யாகப்பன் அஞ்சுகத்தின் வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"அக்கா, எங்க தெருவுக்குத் தண்ணி வரணும்னு உங்க வீட்டுக்காரரு எங்கிட்ட நடையா நடந்தவரு. அவரு பேரச் சொல்லித்தான் அன்னிக்கு அந்தத் தீர்மானத்தையே வாங்கினேன்."

"தெரியும் தம்பி."

"நீங்க மணிய அடிச்சாத்தான் அது செல்லுமாம்."

"அடிச்சா அவரு போயிருவாரு."

யாகப்பன் வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் கேக்கலக்கா. எங்க தெருப் பொம்பளைங்க கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார். பிறகு, "இல்ல, அவங்களும் கேக்கல. கேக்காதீங்கன்னுதான் சொன்னாங்க. நானாத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அஞ்சுகத்துக்குக் கோபம் வந்தது. இவர்கள் உயிரோடிருந்த மனுஷனைக் கண்டு தெரு மாறிப் போனவர்கள். அவளுக்கு மிச்சமிருப்பது விடியலில் ஒரு அரைமணி. அதையும் கொண்டா என்றால்? பெற்றவளிடம் வந்து பிள்ளையைக் கேட்கிற மாதிரி அல்லவா இருக்கிறது. மாட்டேன் என்று மூன்று வாரம் இருந்தாள். தலைவர் கூப்பிட்டு நல்லவிதமாகச் சொன்னார், ஆணையர் கூப்பிட்டு எழுத்தில் கேட்டார். அவள் மணியைப் புடவைத் தலைப்பில் முடிந்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். தினமும் விடியலில் மௌனத்துக்குள் போய் நின்று, கத்தரிக்காய் விலையையும், மகள் வீட்டுப் பேரன் பல் முளைத்ததையும், பக்கத்து வீட்டில் புதிதாக வந்தவர்கள் ஆட்டுரல் போட்டுச் சத்தம் பண்ணுவதையும் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வரிசையில் கடைசியாக நின்ற ஒரு பெண்ணைப் பார்த்தாள். எட்டு மாதமோ ஒன்பது மாதமோ, நிறைந்த வயிறு. கையில் கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை அடுக்கியிருந்தன. நேற்றோ முந்தாநாளோ வளைகாப்பு நடந்திருக்க வேண்டும். அவள் குடத்தை இடுப்பில் வைக்க முடியாமல் வயிற்றுக்கு மேலே அணைத்துப் பிடித்துக்கொண்டு, மேட்டைப் பார்த்து ஒரு தடவை மூச்சு வாங்கிவிட்டு, ஏறினாள். இவ்வளவு வளையலும் குலுங்கியும் ஒரு சத்தமும் வரவில்லை. அஞ்சுகம் பேச்சை நிறுத்தினாள்.

நிறுத்தியபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மூன்று வாரத்தில் ஆட்டுரல்வரை எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாளே, தீர்மானம் செல்லாமல் போனதை மட்டும் சொல்லவில்லை. மேட்டுத் தெருவுக்குக் குழாய் வரப்போகிறது என்று ஆறு மாதத்துக்கு முன்னால் சொன்னவள்தான், அது நின்றுபோனதையும், யாரால் நின்றுபோனது என்பதையும் சொல்லவில்லை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே அவரோடு பேசாமல் இருந்திருக்கிறாள். இரண்டு நாள் பேசாததற்கே இந்தப் பாடு, இப்போது இருபத்தொரு நாள்.

"ஏங்க" என்றாள். "மேட்டுத் தெருக் குழாய் நின்னுபோச்சுங்க. என்னாலதான். உங்கள விட மனசில்லாம நான்தான் மணி அடிக்காம வச்சிருக்கேன்."

வழக்கமாக ஆறேகால் மணிவரை ஏழாவது வால்வில் நிற்கும் மௌனம் உடனே திரும்பியது. பெண்களின் குடங்களில் தண்ணீர் விழும் சத்தம் திடீரென்று கேட்டது. வைரக்கண்ணுவும் அப்படித்தான், தண்ணீர் விஷயம் என்று யாராவது வாசலில் குரல் கொடுத்தால் சோற்றுக் கையோடு எழுந்துவிடுவார், அதற்காக அவளும் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். அது நேரு வீதியில் ஏறி, டீக்கடையில் நிற்காமல், நகராட்சி அலுவலகத்தை நோக்கிப் போக, அஞ்சுகம் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனாள். அலுவலகம் பூட்டியிருந்தது. மௌனம் சைக்கிள் கொட்டகையில் ஒதுங்கி நின்றது, அவள் காவலாளியின் போனை வாங்கி யாகப்பனுக்குப் பேசினாள்.

"தம்பி, பதினோரு மணிக்குக் கூட்டம் வைக்கச் சொல்லுங்க. அவரு வந்துட்டாரு."

அஞ்சுகம் வீட்டுக்குப் போய் மணியை எடுத்துவந்தாள்; அவசரக் கூட்டம் கூடியது. இருபத்தெட்டு பேரும் வந்தார்கள், வெளியூர் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள்கூடப் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். மேட்டுத் தெருப் பெண்கள் வராந்தா முழுக்க நின்றார்கள், தையற்காரர் அந்தோணிராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடப்பதை விரலால் பின்னாலிருப்பவர்களுக்குச் சொன்னார். மறுபடியும் தவறு நேரக் கூடாதென்று ஆணையர் மின்விசிறிகளை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, போன்களை வாங்கி ஒரு வாளியில் போட்டு வாளியை வெளியே அனுப்பினார். தலைவர் அஞ்சுகத்தின் அருகில் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அன்னைக்கு உங்க கையில மணியக் குடுத்தது எங்க தப்பும்மா" என்று மெதுவாகச் சொன்னார். ஆறு மாதத்தில் முதல்தடவையாக ஒருவருக்கு அது தோன்றியிருந்தது. அஞ்சுகம் மணியைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள்.

மௌனம் படியேறி வந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். கிணற்றின் வாய் அளவே இருந்த அது, அன்று மன்றம் முழுவதும் நிறைந்து, இருபத்தெட்டு பேரையும் தலைவரையும் ஆணையரையும் சுவரில் மாட்டிய பழைய தலைவர்களின் படங்களையும் உள்ளே வைத்துக்கொண்டது. அவள் பேசுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கேட்கப்போவதில்லை என்றாலும், வாய் அசைவதையாவது பார்க்க வேண்டாமென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் பேசவில்லை. பேச வேண்டியதெல்லாம் விடியலிலேயே பேசியாகிவிட்டது. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நிற்கிற மாதிரி சுவரோரம் நிமிர்ந்து நின்றாள். ஐந்து, பத்து, பதினைந்து. அவள் வலது தோளில் ஒரு குளிர்ச்சி வந்து படிந்தது, சாவியை இறக்கிவைத்துவிட்டு அவர் வந்து பக்கத்தில் நிற்கும்போது வரும் ஈரக் குளிர்ச்சி. இருபது, இருபத்திரண்டு. மணியை உயர்த்தினாள். இருபத்தாறு ஆகும்போது அடித்தாள்.

மணிச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது, வராந்தாவுக்கும் கேட்டது. வெளியே வேப்பமரத்தில் ஒரு காக்கை கத்தியது, யாரோ இருமினார்கள், கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. "அமரலாம்" என்றார் தலைவர். யாரும் உட்காரவில்லை. யாகப்பன் உட்காரவில்லை, ஆணையர் உட்காரவில்லை, சொன்ன தலைவரே உட்காரவில்லை. எல்லோரும் அஞ்சுகத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் என்ன சொல்கிறாளோ என்று நின்றார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணியை மேசைமேல் அதன் இடத்தில் வைத்தாள்.

"உட்காருங்க" என்றாள். "மேட்டுத் தெரு தண்ணி விசயத்த எடுங்க."